எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரி

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் பார்வையிடப் போகும் இடத்தில் முதலில் ஒரு மாலை போடுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று பிகு பண்ணினால் இன்னும் பெரிய மாலையாக வரும். அடுத்தது இளநீர். அதற்கும் அடுத்தது, முந்தின நாள் சுவருக்கு அடித்த சுண்ணாம்பு உங்கள் புடவையிலோ பேண்ட்டிலோ ஒட்டிக்கொள்ளும். அதற்காக முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்களை நம்பி ஒரு குடும்பமே ராத்திரி பகலாக அடித்த சுண்ணாம்பு அது. இந்த அறக்கட்டளை வேலையில் நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ புடவைகளை அப்படி வெள்ளையாக்கிக்கொண்டேன். ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை.

ஆனால் இளநீர் குடித்து முடித்த பிறகு என்ன செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஒரு மூங்கில் லாரிதான் சொல்லித் தந்தது.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன். சென்னையில் சமூகப் பணி படித்த கையோடு வந்தவள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எனக்குக் கன்னடம் தெரியாது, தெலுங்கும் தெரியாது. என் தமிழோ அங்கே பாதிப் பேருக்குப் புரியவில்லை. கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கப் போனால் கடைக்காரர் மூன்று மொழியில் விலை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் விரலைக் காட்டுவார்.

எங்கள் அறக்கட்டளை பெங்களூரில் நூல் ஆலை நடத்திய ஒரு தமிழ்க் குடும்பத்துடையது. சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள், அநாதை இல்லங்கள், பள்ளிக்கூடங்கள் நடத்துகிறவர்களுக்கு உதவுவோம். அதை ஆரம்பித்தவரே சேர்மனாகவும் இருந்தார். நல்ல மனிதர். தலை நரைத்துவிட்டது, கண்பார்வை மங்கிவிட்டது. தலை நரைத்ததை மட்டும் ஒப்புக்கொள்வார். தன் ஜீப்பைத் தானே ஓட்டுவார். அவர் வருகிறார் என்றால் ஓசூர் கடைத்தெருவில் மாடுகள்கூட ஒதுங்கி நிற்கும்.

முன்பு எப்போதோ ஒருவன் ஆஸ்பத்திரி நடத்துகிறேன் என்று அவரிடம் உதவி வாங்கியிருக்கிறான். போய்ப் பார்த்தால் ஆட்டுக்கொட்டகை. உள்ளே ஆடுகள் ஆரோக்கியமாக இருந்தனவாம். அந்தக் கோபத்தில் சேர்மன் ஒரு விதி போட்டார். படுக்கை வசதிக்கு உதவி கேட்கிற எந்த ஆஸ்பத்திரியும், எந்த இல்லமும், ஏற்கெனவே எட்டுக் கட்டில் போட்டு, எட்டிலும் ஆள் படுத்திருக்க நடத்திக்கொண்டிருக்க வேண்டும். கட்டில் இல்லாதவர்கள்தானே கட்டிலுக்கு உதவி கேட்பார்கள் என்று நான் சேர்ந்த புதிதில் கேட்டேன். ஆபீஸில் எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

அந்த வருடம் மூன்று இடங்கள் கேட்டிருந்தன. கெலமங்கலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி, தேன்கனிக்கோட்டையில் ஒரு முதியோர் இல்லம், அஞ்செட்டியைத் தாண்டி மலைக்குள் நாட்றாம்பாளையத்தில் ரோசலின் சிஸ்டர் நடத்திய பிரசவ விடுதி. ரோசலின் கிருஷ்ணகிரிக்காரி, நர்ஸ் படிப்பு படித்தவள், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அவளை அங்கே அனுப்பிய சபை, இனி எங்களால் முடியாது என்று கைவிரித்துவிட்டது. எங்கள் உதவி கிடைத்தால் இருப்பாள், கிடைக்காவிட்டால் மழைக்கு முன்னால் கதவைப் பூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்விடுவாள். அப்புறம் அந்த மலைக் கிராமத்துப் பெண்களுக்கு வலி கண்டால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு காட்டு வழியில் இறங்க வேண்டியதுதான். யானை வழிவிட வேண்டும், பிள்ளையும் பொறுத்திருக்க வேண்டும்.

முதல் தடவை நான் மட்டும் போனபோது அவளிடம் இரண்டு கட்டில்தான் இருந்தது. விதியைச் சொன்னேன்.

"எட்டா? எட்டு எதுக்குங்க? எங்க ஊர்ல ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு மேல பிள்ள பெத்துக்கறதே இல்லீங்களே" என்றாள்.

"விதி அப்படி, சிஸ்டர்."

அவள் கொஞ்ச நேரம் அந்த இரண்டு கட்டில்களையும் பார்த்தாள். "சரிங்க, பாத்துக்கறன்" என்றாள். பார்த்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சேர்மனே நேரில் பார்க்க வந்தார். ஒரே நாளில் மூன்று இடமும் என்று ஏற்பாடு. காலையில் கெலமங்கலம். மாலை, இளநீர், சுண்ணாம்பு எல்லாம் முறைப்படி ஆனது. உள்ளே வரிசையாக எட்டுக் கட்டில், எட்டிலும் நோயாளிகள். சேர்மனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நோயாளியின் கையையும் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் நலம் விசாரிப்பார். கடைசிக் கட்டில் பச்சை பெயிண்ட் அடித்தது, ஒரு காலில் கயிறு சுற்றியிருந்தது. அதில் தலையில் பெரிய கட்டுப் போட்ட ஓர் ஆள் படுத்திருந்தார். நெற்றியை மறைத்த கட்டு மீசையை மறைக்கவில்லை. அது லேசில் மறைக்கக்கூடிய மீசை அல்ல.

"தலெ நோவு, சாமி, தலெ நோவு" என்று கன்னடத்தில் முனகினார். சேர்மன் அவர் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். இரக்கம் என்று நினைத்தேன்.

பிறகு கிணற்றைக் காட்டினார்கள், சமையற்கட்டைக் காட்டினார்கள், வேப்பமரத்தைக் காட்டினார்கள். வேப்பமரத்தில் பார்க்க அவ்வளவு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாங்கள் புறப்படும்போது பின்பக்கம் ஒரு லாரி உறுமிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

தேன்கனிக்கோட்டை முதியோர் இல்லத்தை நடத்தியவர் தேவதாஸ் ஐயா, ஓய்வு பெற்ற வேதக்கோயில் உபதேசியார். வாசலில் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, சட்டையெல்லாம் வேர்வை. உள்ளே எட்டுக் கட்டில். ஏழாவது கட்டில் பச்சை. காலில் கயிறு. அதில் கம்பளியைத் தலைவரை போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர். கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது அதே மீசை.

"நடுமு நொப்பி, சாமி" என்றார், தெலுங்கில். இப்போது இடுப்பு வலி.

சேர்மன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், ரொம்ப வலியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் மீசையைப் பார்க்கிறேன், மீசை என்னைப் பார்க்கிறது. நான் கண்டுகொண்டேன் என்று மீசைக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாகக் கம்பளியை மேலே இழுத்துக்கொண்டது.

பிறகு சாப்பாடு. தேவதாஸ் ஐயா சேர்மனை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். என்னை எங்கே உட்கார வைப்பது என்று யோசிக்க மறந்துவிட்டார். நான் ஜன்னலுக்கு எதிரே. சேர்மனின் இலையில் ராகிக் களி உருண்டை விழுகிறது, வெளியே ஒரு கட்டில் நடந்து போகிறது. இன்னொரு உருண்டை, இன்னொரு கட்டில். கட்டில்காரப் பெரியவர்களே ஆளுக்கொரு கால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். சற்றுமுன் இடுப்பு வலியில் கிடந்தவர் லாரி மேலே நின்று எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினார்.

"போதும்" என்றார் சேர்மன்.

"இன்னும் ஒரே ஒரு உருண்டைங்க, ஐயா. எங்க மனசு திருப்திக்குங்க" என்றார் தேவதாஸ் ஐயா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. இன்னும் ஒரு கட்டில் பாக்கி இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். கட்டில்கள் அடுத்துப் போவது ரோசலினிடம்தான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சாப்பாட்டுக்கும் ஜீப்புக்கும் நடுவே நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். சொன்னால், மூன்று இடத்துக்கும் உதவி கிடைக்காது. ஆட்டுக்கொட்டகைக்காரன் கதையை மறக்காத மனிதர் சேர்மன். சொல்லாவிட்டால், நான் வாங்குகிற சம்பளத்துக்கு என்ன அர்த்தம்? உண்மையைச் சொல்வது ரொம்ப எளிது என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். எந்த உண்மையை முதலில் சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று இடத்துக்கும் ஒரே எட்டுக் கட்டில் என்பது உண்மை. நாட்றாம்பாளையத்தில் ரோசலின் இல்லாவிட்டால் பெண்கள் சாவார்கள் என்பதும் உண்மை. இரண்டாவதைச் சேர்மன் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்கட்டும், பிறகு முதலாவதைச் சொல்வோம் என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன்.

அஞ்செட்டி மலைப்பாதையில் ஒரு வளைவு. வளைவில் லாரி நின்றுகொண்டிருந்தது. ரேடியேட்டரிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது. தார்ப்பாய்க்கு மேலே கட்டில் கால்கள் வானத்தைப் பார்த்து நின்றன. பானெட் மேலே உட்கார்ந்து மீசை பீடி குடித்துக்கொண்டிருந்தது. ஜீப்பைக் கண்டதும் குதித்து இறங்கி நின்றது.

சேர்மன் வண்டியை நிறுத்தினார். லாரியில் இடிக்காமல் நிறுத்தியது ஆச்சரியம்தான்.

"என்னப்பா, எங்கே போறே?"

"நாட்றாம்பாளயம் ஆஸ்பத்திரிக்குங்க. ஒடம்பு செரியில்லீங்க." இந்தத் தடவை தமிழ்.

"லாரியை யார் ஓட்டறது?"

"நான்தாங்க."

"உடம்பு சரியில்லாமலா லாரி ஓட்டறே?"

அந்த மனிதர் காலையிலிருந்து இரண்டு ஊரில் நோயாளியாகக் கிடந்து, முப்பத்திரண்டு கட்டில்காலையும் மாறி மாறி ஏற்றி இறக்கி, அலுத்துப் போயிருந்தார். "அங்க போய்தாங்க ஒடம்பு செரியில்லாம போவணும்" என்றுவிட்டார்.

சேர்மன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தார்ப்பாய்க்குள்ள என்ன?"

"மூங்கிலுங்க."

"பச்சையா ஏதோ தெரியுதே?"

"பச்ச மூங்கிலுங்க."

"சரி, ஏறு. உடம்பு சரியில்லாத ஆளை நடுக்காட்டில் விட்டுட்டுப் போகக்கூடாது" என்றார் சேர்மன். மீசைக்காரர் என்னைப் பார்த்தார். நான் காட்டைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பெயர் வெங்கடப்பா என்றார். ஒரு மைல் போவதற்குள், சேர்மன் ஓட்டிய ஓட்டில், அவருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

நாட்றாம்பாளையத்தில் மாலை போட யாரும் நிற்கவில்லை. மாலை வாசல் ஆணியில் வாடித் தொங்கியது. ரோசலின் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஜீப்பைப் பார்த்தாள், ஜீப்பிலிருந்து இறங்கும் வெங்கடப்பாவைப் பார்த்தாள், பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. எல்லாம் போயிற்று என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதற்கு அழ அவளுக்கு நேரம் இல்லை.

"கட்டிலப் பத்தி அப்பறம் என்ன வேணும்னாலும் திட்டுங்க, ஐயா. இப்ப எனக்கு ஜீப்பு வேணும்."

உள்ளே காலி அறை. சிமெண்டுத் தரையில் ஒரு கோரைப்பாய். பாயில் ஓர் இளம்பெண், பெயர் மாதம்மாள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நாள் இருக்கிறது என்று நினைத்திருந்த பிரசவம், மத்தியானம் திடீரென்று வலி கண்டிருக்கிறது. வயிற்றில் இரட்டை. ரத்தம் அதிகம் போனால் தன்னால் சமாளிக்க முடியாது, தேன்கனிக்கோட்டை டாக்டரிடம் போக வேண்டும் என்றாள் ரோசலின்.

சேர்மன் சாவியைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டார். வெங்கடப்பா அவர் முன்னால் போய் நின்று கையை நீட்டினார். "சாவியக் குடுங்க சாமி. நீங்க ஓட்னா அந்தப் பொண்ணுக்கு இங்கயே பொறந்துரும்."

சேர்மனிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கொடுத்தார். மாதம்மாளைப் பாயோடு தூக்கி ஜீப்பின் பின்னால் கிடத்தினோம். ரோசலின் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஜீப் போய்விட்டது.

நானும் சேர்மனும் மட்டும். உட்கார நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அவர் அதில் உட்காராமல், பாய் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கெலமங்கலத்தில் தலைவலி. தேன்கனிக்கோட்டையில் இடுப்புவலி" என்றார். "இரண்டு கையிலும் ஒரே டீசல் வாசனை. என் கண்தான் மோசம் அம்மா, மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது."

"தெரிந்துமா சார் ஒன்றும் சொல்லவில்லை?"

"நீ சொல்வாயா என்று பார்த்தேன். ஏன் சொல்லவில்லை?"

"முதலில் நீங்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவர் ஓரமாகச் சிமெண்டில் இரண்டு கட்டில்களின் கால் தடம் எட்டும் தெளிவாகத் தெரிந்தது. கட்டில்கள் மலைப்பாதை வளைவில் தார்ப்பாய்க்குள் இருந்தன. மூன்று இடத்துக்காரர்களும் தங்களிடம் இருந்ததை ஒன்றாகச் சேர்த்தால்தான் எட்டு வந்தது. வெளியிலிருந்து ஒரு கட்டில்கூட அவர்கள் கொண்டுவரவில்லை.

"இந்தப் பெண்ணுடைய கட்டிலை லாரியில் ஏற்றியது யார்?" என்று கேட்டார்.

"வெங்கடப்பாதான் ஏற்றியிருப்பார், சார்."

"இல்லை. நான் ஏற்றினேன்" என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை. உதவி செய்கிற கை தான் செய்த கெடுதலைப் பார்ப்பது லேசான காரியமல்ல, பெரும்பாலும் அதற்கு முன்னால் மாலையைப் போட்டு மறைத்துவிடுவார்கள்.

விடிந்து வெயில் ஏறிய பிறகு ஜீப் சத்தம் கேட்டது. இருவரும் வாசலுக்கு ஓடினோம். வெங்கடப்பா இறங்கினார். மீசை முழுக்கப் புழுதி, அதற்குக் கீழே எல்லாப் பல்லும் தெரிந்தது.

"ரெண்டும் பொண்ணுங்க சாமி! தாயும் நல்லாருக்குது. டாக்டரு பாத்துட்டாரு, ஒண்ணும் பயமில்லன்னுட்டாரு."

"ஆஸ்பத்திரியில் பிறந்ததா?"

வெங்கடப்பா தன் பின்னால் இறங்கி வந்த ரோசலினைப் பார்த்தார். ரோசலின்தான் சொன்னாள். "அதுவரைக்கும் தாங்கலீங்க. வளைவுகிட்ட போனப்பவே தல தெரிஞ்சிருச்சி. ஜீப்புல நீட்டிப் படுக்க எடமில்ல. லாரில கட்டிலு இருந்துதுங்களே. அதுல ஒண்ண எறக்கிப் போட்டு, தார்ப்பாயக் கட்டி..." இப்போதுதான் அவளுக்கு அழ நேரம் கிடைத்தது. "ரெண்டும் நல்லபடியா அழுதுச்சிங்க."

சேர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எட்டுக் கட்டிலும் அங்கே இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்துதுங்க" என்றார் வெங்கடப்பா.

"நோயாளி?"

"நெசமான நோயாளிங்க."

"சரி. அப்படியென்றால் விதிப்படி அது ஆஸ்பத்திரிதான்" என்றார் சேர்மன். "நான் பார்த்ததிலேயே ஒழுங்காக நடந்த ஆஸ்பத்திரி."

பிறகு அவர் ரோசலினிடம் ஒரு கேள்வி கேட்டார். அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் யாரிடமும் கேட்டிராத கேள்வி. "உனக்கு என்ன அம்மா வேணும்?"

"கட்டிலு ரெண்டு போதுங்க. எங்க பொண்ணுங்களுக்குப் பாய்லயே நல்லா தூக்கம் வரும்." அவள் ஜீப்பைப் பார்த்தாள். "கீழ எறங்கிப் போறதுக்கு எதாச்சும் வேணுங்க."

அந்த ஜீப்பின் சாவி அதற்குப் பிறகு சேர்மன் கைக்குத் திரும்பவே இல்லை. நாங்கள் ஓசூருக்குப் பஸ்ஸில் வந்தோம். ரோசலின் மழைக்கு முன்னால் கதவைப் பூட்டவில்லை, அதற்கப்புறமும் பல மழைக்காலம் பூட்டவில்லை. வெங்கடப்பா மூங்கில் லாரியை விற்றுவிட்டு அந்த ஜீப்பை ஓட்டினார். ஓசூர் கடைத்தெரு மாடுகள் நடுரோட்டில் நிம்மதியாகப் படுத்தன. அடுத்த கூட்டத்தில் எட்டுக் கட்டில் விதியைச் சேர்மன் தன் வாயாலேயே நீக்கினார். முதியோர் இல்லத்துக்கும் கெலமங்கலத்துக்கும் உதவி போனது, அவர்கள் கேட்டதைக் கேட்டபடி.

ஆகவே, பிள்ளைகளே, போகிற இடத்தில் மாலையை வாங்கிக்கொள்ளுங்கள், இளநீரைக் குடியுங்கள், களியை அளவோடு சாப்பிடுங்கள். கட்டிலில் படுத்திருப்பவரின் கையைப் பிடித்துப் பாருங்கள். டீசல் வாசனை வந்தால் உடனே கோபப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். நாம் போட்ட விதியில் எது இவரை இங்கே படுக்க வைத்தது என்று முதலில் யோசியுங்கள். பிறகு அவர் காதோடு கேளுங்கள், இது யாருடைய கட்டில், கட்டிலுக்குரியவர் இப்போது எந்தத் தரையில் கிடக்கிறார் என்று.